போற ஆக்கள் நட்ட மரங்கள்

போன மாதம் ஒரு கலியாண வீட்டுக்காகப் புத்தளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நேரம் நல்ல உச்சி. இறங்கியதும் கை தன்பாட்டில் குடையை விரித்துவிட்டது. புத்தளத்தில் வளர்ந்தவர்களுக்கு அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை. கொஞ்சத் தூரம் நடந்திருப்பேன், ஓட்டோவுக்குள் சாய்ந்து கிடந்த ஒரு பெடியன் என்னைப் பார்த்து, "என்ன மிஸ், மழையா?" என்றான். அண்ணாந்து பார்த்தேன். குடைக்கு மேலே வேப்பங்கிளை. அதைத் தாண்டினால் பூவரசு. அதற்கு அங்கால் இன்னொரு வேம்பு. தெரு முழுக்க நிழல் விழுந்திருக்க, நான் ஒருத்திதான் கறுப்புக் குடையோடு மழைக்கு நடக்கிறவள் மாதிரிப் போய்க்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் குடையை மடக்கும்போது எனக்கு வந்த பெருமையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்தப் பெடியனுக்கு என்ன தெரியும்? அவன் படுத்திருந்த நிழலில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

வேப்பம்பூ உதிர்ந்து தெருவோரம் அரிசிமா கொட்டினமாதிரிக் கிடந்தது. அந்த வாசத்தை இழுத்துக்கொண்டு நின்றேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தத் தெருவில் மணத்தது வேறு. கடலோரக் களப்புச் சேறு, காயப்போட்ட மீன், உருகின தார், அவ்வளவுதான். கற்பிட்டிக்குப் போகிற வழியில் நீங்கள் புத்தளத்தைப் பஸ் ஜன்னலால் பார்த்திருப்பீர்கள். உப்புக் குவியலையும் கழுதைகளையும் பார்த்து, "நல்லாயிருக்கே" என்றுகூடச் சொல்லியிருப்பீர்கள். இறங்கி மதியம் இரண்டு மணிக்கு நடந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். மேலே இருந்து வெயில் அடிக்கும். கீழே இருந்து தார் அடிக்கும். களப்புப் பக்கமிருந்து வருகிற காற்று உப்போடு வந்து முகத்தில் ஒட்டும். என் அம்மா சொல்லுவா, புத்தளத்தில் கறிக்கு உப்புப் போடத் தேவையில்லை, தெருவில் நடந்துவிட்டு வந்து கையைக் கழுவாமல் சமைத்தால் போதும் என்று.

நாங்கள் வன்னியிலிருந்து சண்டைக்குப் பயந்து வந்தவர்கள். அப்பாவுக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை கிடைத்ததால் புத்தளத்தில் தங்கினோம். நான் இங்கேதான் படித்தேன். சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. வேலை என்னவென்றால், பஸ் நிலையத்திலிருந்து முகாம் வரைக்கும் தெருவின் இரண்டு பக்கமும் ஊர்ச் சனத்தைச் சேர்த்து மரம் நடவேண்டும். எங்கள் பொறுப்பாளரை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். சேர் அதற்குப் 'பசுமை வழி' என்று பெயர் வைத்தார். சனம் அதை 'மிஸ்ஸிட மரத் தெரு' என்றது. எந்தப் பெயர் நிலைத்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

முகாம் என்றால் கூடாரம் என்று நினைக்காதீர்கள். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தொண்ணூறாம் ஆண்டில் துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் அங்கே இருந்தன. முதலில் கிடுகுக் கொட்டில், பிறகு மண்சுவர், பிறகு கல்வீடு என்று எல்லாம் வந்துவிட்டது. பள்ளிவாசல், கடை, வாசிகசாலைகூட இருந்தது. பெயர் மட்டும் முகாம்தான். அந்த வீடுகளிலேயே பிறந்து வளர்ந்து கலியாணம் கட்டினவர்களும் தங்கள் விலாசத்தை முகாம் என்றுதான் சொன்னார்கள்.

டவுன் பக்கம் வேலை சுகமாக நடந்தது. வீட்டுக்கு ஒரு மரம், அந்த வீட்டார்தான் அதற்குப் பொறுப்பு என்பது ஒப்பந்தம். சுகம் என்று சொன்னாலும் சண்டைக்குக் குறைவில்லை. எல்லாக் கடைக்காரருக்கும் நிழல் வேண்டும், ஆனால் மரம் பக்கத்துக் கடைக்கு முன்னால் நிற்கவேண்டும். தன் கடைப் பெயர்ப்பலகையை மரம் மறைத்துவிடும் என்று ஒரு புடைவைக்கடை முதலாளி என்னோடு ஒரு கிழமை கதைக்கவே இல்லை. "உங்கட கடைக்கு முன்னால நிழல் இருந்தா பொம்பிளையள் நிண்டு கதைப்பினம், கதைச்சாப்பிறகு உள்ள வருவினம்" என்று சொன்னேன். அடுத்த நாளே இரண்டு கன்று கேட்டு ஆள் அனுப்பினார். எனக்கு வாய் இருந்தது என்பதை அந்த வேலையில்தான் கண்டுபிடித்தேன்.

கழுதைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். புத்தளத்துக் கழுதைக்கு முதலாளி கிடையாது. விடியப்புறம் கூட்டமாக வரும், இருப்பதைத் தின்னும், போகும். முதல் நட்ட கன்றுகள் எல்லாம் அதுகளின் காலைச் சாப்பாடாகிப் போயின. பிறகு கிடுகு கட்டினோம். கன்றைச் சுற்றி நாலு கம்பு, கம்பைச் சுற்றித் தென்னோலைக் கிடுகு. பழைய வேலிக் கிடுகை ஆட்கள் சும்மாவே தந்தார்கள்.

இப்படி எல்லாம் வென்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முகாமுக்குள் போனேன். அங்கே என் வாய் எடுபடவில்லை. முதல் வீட்டில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு தேத்தண்ணி தந்து, "எங்களுக்கு வேணாம் புள்ள. நாங்க போற ஆக்கள்" என்றாள். அடுத்த வீட்டிலும் தேத்தண்ணி, அதே சிரிப்பு, அதே வசனம். அன்று நான் குடித்த தேத்தண்ணிக்கு இரவு நித்திரை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வடிவாகப் பார்த்தேன். முகாமில் பச்சை இல்லாமல் இல்லை. பப்பாசி நின்றது, முருங்கை நின்றது, வாழை நின்றது. மிளகாயும் கறிவேப்பிலையும் பழைய தகர ரின்னில் நின்றன. ஆனால் வேம்பு இல்லை, மா இல்லை, பலா இல்லை. ஒரு வருசத்தில் காய்க்கிறது மட்டும்தான் மண்ணில் இருந்தது. அடுத்த வருசம் ஊருக்குப் போய்விடுவோம் என்று இருபது வருசமாக ஒவ்வொரு வருசமும் சொல்லிக்கொண்டிருந்த சனம் அது. பத்து வருசத்தில் நிழல் தருகிற மரத்தை நட்டால், பத்து வருசம் இங்கேயே இருக்கப்போகிறோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அதை ஒருத்தரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். அம்மா துளசிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு கேட்டா. துளசி பால்மா ரின்னில் நின்றது. எனக்கு அறிவு தெரிந்த நாள் முதல் எங்கள் வீட்டுத் துளசி ரின்னில்தான் நின்றது. ரின் கறள் பிடித்தால் வேறு ரின்னுக்கு மாறும். 

முகாமில் காசிம் நானா சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். கற்பிட்டிப் பக்கம் போய் மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் விற்கிற மனிதர், முகாம் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருந்தார். உயரமான ஆள், குரல் அதைவிட உயரம். அவருடைய மனைவி நஸீமா. அவவை நான் தாத்தா என்று கூப்பிட்டேன். நீங்கள் திகைக்கவேண்டாம், புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்கு நானா, அக்காவுக்குத் தாத்தா என்றுதான் பெயர். அவர்களுடைய வீடு முகாமின் முகப்பில், தெருவைப் பார்த்தபடி இருந்தது. அந்த வாசலில் மரம் நின்றால் மற்ற வாசல்களிலும் நிற்கும், அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

காசிம் நானாவிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கடைசியில் ஒரு சம்மதம் வாங்கினேன். சம்மதம் என்றால், "குழிய வெட்டி வைங்க, மழ வரட்டும் பாப்பம்" என்ற அளவுதான். எனக்கு அது போதும். அந்தச் சனிக்கிழமை சிரமதானம் வைத்தோம். டவுன் இளைஞர்கள் வந்து முகாம் முகப்பு நீளத்துக்கும் குழி வெட்டினார்கள். இங்கேதான் நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன்.

குருநாகல் பக்கமிருந்து வந்த ஒரு விவசாயப் போதனாசிரியர் சொல்லியிருந்தார், மணல் நிலத்தில் வட்டக் குழி வெட்டினால் தண்ணி நிற்காது, தெரு போகிற திசையிலேயே நீளமாக வெட்டி, மண்ணைப் பக்கத்தில் மேடாகக் குவித்துவிடுங்கள், அது உப்புக் காற்றையும் மறைக்கும் என்று. அவர் சொன்னது நியாயம். தெருவோ வடக்குத் தெற்காகப் போகிறது. அதனால் வாசலுக்கு வாசல் வடக்குத் தெற்காக ஒரு நீளக் குழி, பக்கத்தில் நீளமாக ஒரு மண்மேடு. சைக்கிள்காரர் விழுந்துவிடக் கூடாதே என்று நான் மரக்காலையில் கேட்டுத் துண்டுப் பலகைகள் வாங்கி, ஒவ்வொரு குழிக்கும் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று நட்டேன். தூரத்திலேயே தெரியட்டும் என்று சுண்ணாம்பும் அடித்தேன். பின்னேரம் பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது. திருப்தியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

உங்களில் விசயம் தெரிந்தவர்கள் இப்போது தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்கு அப்போது தெரியாது. நான் சைவக்காரப் பிள்ளை, முஸ்லிம்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அங்கே கபுறுக் குழி வடக்குத் தெற்காகத்தான் இருக்கும். மண் நீளமாகக் குவிந்திருக்கும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு பலகை நிற்கும். அந்தப் பலகைக்கு மீசான் என்று பெயர். நான் முகாமில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அச்சொட்டாக அதைத்தான் செய்து, வெள்ளையும் அடித்துவிட்டு வந்திருந்தேன்.

காலையில் போனபோது ஒரு வயதானவர் சைக்கிளை விட்டு இறங்கி, கையை ஏந்தித் துஆக் கேட்டுக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவின் மற்றப் பக்கம் ஒதுங்கி ஓடினார்கள். காசிம் நானா வாசலில் நின்றார். அவரைச் சுற்றி முகாமின் அரைவாசி நின்றது.

"மிஸ்," என்றார் காசிம் நானா, "முகாமில எத்தின பேர் மவுத்தாகப் போறமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? வாசலுக்கு ஒண்டு வெட்டி வச்சிருக்கிறீங்க."

எனக்கு விளங்கச் சில நிமிசம் எடுத்தது. விளங்கினதும் நிலம் வெடித்து உள்ளே போகலாமா என்றிருந்தது, குழிகள் வேறு தயாராக இருந்தன. கூட்டத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். காசிம் நானாவும் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பலகையைக் கழற்றச் சொன்னார், குழியையும் மூடச் சொன்னார், தங்கள் வாசலில் ஒன்றும் வேண்டாம் என்றார். அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அமைதியாகச் சொன்னார்.

சேர் இதைக் கேட்டுவிட்டு, டவுன் பக்கத்தோடு நிறுத்திவிடுவோம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தெருவில் வாகனம் இல்லாமல் நடந்து போகிறவர்களே முகாம் ஆட்கள்தான். பள்ளிக்கூடம் விட்டுக் கொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளும் அவர்கள்தான். கடைக்காரருக்கு நிழலைக் கொடுத்துவிட்டு நடக்கிறவனை வெயிலில் விடுவதற்கா இவ்வளவு பாடு? சேரிடம் ஒரு கிழமை தவணை கேட்டேன். கெஞ்சிக் கேட்கவில்லை, சண்டை பிடித்துத்தான் கேட்டேன்.

அடுத்த நாள் பலகை பிடுங்கப் போனேன். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு நஸீமா தாத்தாவின் வாசலுக்கு வந்தபோது, அவ வெளியே வந்தா. அதுவரை அவ என்னோடு நாலு வசனம்கூடக் கதைத்ததில்லை.

"இந்தப் பலகைய மட்டும் இண்டைக்கு விடுங்க புள்ள," என்றா. "நாளைக்குக் கழட்டுங்க."

 நான் நிலைப்படியில் அவவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவ பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னா. மன்னாரிலிருந்து வந்த அந்த முதல் வருசம், கொட்டிலில் இருந்தபோது, அவவின் தலைப்பிள்ளை காய்ச்சலில் போனான். இர்பான் என்று பெயர். நடக்கத் தொடங்கியிருந்தான். ஆண்கள் தூக்கிக்கொண்டு போய் அடக்கிவிட்டு வந்தார்கள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அந்த மாதங்களில் முகாமில் அப்படிப் போன பிள்ளைகள் பல. மீசான் பலகை ஒரு மாரிக்கே உக்கிப்போகிறது. பிறகு எந்த இடம் என்று கேட்டால் காசிம் நானா, "அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டுவார். அவ்வளவுதான்.

"என்ட மவன்ட மீசான நான் கண்டதில்ல," என்றா. "நேத்து விடியக் கதவத் துறந்தன், வாசலில நிக்குது."

 செய்த மடைத்தனத்துக்கு மன்னிப்புக் கேட்பதா, கையைப் பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவ அழவில்லை. அவவுக்கு ஒரு வேம்பு வேணுமாம். கபுறைப் பார்க்கத்தான் முடியாது, மரமென்றால் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றா. மற்ற எல்லாருக்கும் இது போகிற வழியில் தங்கின இடம், தனக்கு மட்டும் அப்படி இல்லை, பிள்ளை இந்த மண்ணில்தான் கிடக்கிறான் என்றா. முந்தி ஒருமுறை ஆசைக்கு ஒரு மாங்கொட்டை போட்டு அது முளைத்தும் வந்ததாம். காசிம் நானா பிடுங்கி எறிந்துவிட்டு, "ஊர மறந்திட்டியா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அவ மண்ணில் கை வைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மன்னாரில் தங்கள் காணிகளைப் போய்ப் பார்க்கலாம் என்று முகாம் ஆட்களுக்கு வழி பிறந்தது. இருபது வருசம் ஆளில்லாமல் கிடந்த காணி, எல்லாம் காடு. துப்புரவாக்காமல் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. கோடாலியும் கத்தியும் அரிசியும் லொறியில் ஏற்றிக்கொண்டு ஆண்கள் முதலில் புறப்பட்டார்கள். காசிம் நானாதான் முன்னுக்கு நின்றார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டதே இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் திரும்பி வருவதாக ஏற்பாடு. லொறி போனதும் நஸீமா தாத்தா எங்கள் நிறுவனக் கந்தோருக்கு வந்தா. குழியை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனா.

முதல் மழை இறங்கின அன்று நான் வேப்பங்கன்று ஒன்றை மட்டும் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனேன். அவவின் வாசலில் முகாமின் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். ஒருத்தி மண்வெட்டியோடு, ஒருத்தி சாணியோடு, ஒருத்தி சும்மா புதினம் பார்க்க. நஸீமா தாத்தா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினா. யாரோ கேட்டார்கள், அவர் வந்து பிடுங்கினால் என்ன செய்வாய் என்று.

"புடுங்கட்டும்," என்றா. "இந்த முற நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

அதோடு எல்லாம் மாறிவிட்டது. தாத்தா நட்டால் எங்களுக்கும் தா என்று கேட்டார்கள். நான் கந்தோருக்கும் முகாமுக்கும் மழையில் ஓடினேன். பின்னேரத்துக்குள் எல்லாக் குழியிலும் கன்று நின்றது. புருசன்மார் வடக்கே தங்கள் காணியில் மரம் வெட்டிக்கொண்டிருக்க, பெண்சாதிமார் இங்கே மரம் நட்டார்கள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்புக்கு ஒரு காரணமும் சொல்லத் தெரியவில்லை. பயத்தில் வந்த சிரிப்பாகவும் இருக்கலாம். உடுப்பெல்லாம் சேறாகி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன்.

பெருநாளுக்கு முதல் நாள் லொறி திரும்பி வந்தது. நான் ஓடி ஒளிந்திருக்கலாம், ஆனால் நட்டது நான் கொடுத்த கன்று. அதனால் நஸீமா தாத்தாவின் வாசலில் போய் நின்றேன்.  காசிம் நானா கோடாலியோடு இறங்கினார். ஆள் கறுத்து மெலிந்திருந்தார், கையெல்லாம் கொப்புளம். வேம்பைப் பார்த்தார். தெரு நீளத்துக்கும் மற்றக் கன்றுகளைப் பார்த்தார். எல்லா வாசலிலும் பெண்கள் நின்றார்கள். நஸீமா தாத்தா சொன்னபடியே மரத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றா.

அவர் உள்ளே போனார். முகம் கழுவிக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்து நிலைப்படியில் இருந்தார். எங்கள் ஒருத்தரையும் பார்க்காமல் பேசினார்.

"ஊரில எங்கட குசினிக்குள்ள ஒரு மரம் நிக்குது. கூரையத் தள்ளிக்கொண்டு மேல போயிட்டுது. நான் கட்டிப்பிடிச்சாக் கை எட்டல்ல."

கோப்பையை நிலைப்படியில் வைத்தார். பிறகு சொன்னார்: "இருவது வருசம் இஞ்ச ஒரு மரம் நடாம இருந்தன், ஊர் எனக்காக அப்பிடியே இருக்குமெண்டு. அது இருக்கல்ல."

அந்த மரத்தை வெட்டினீர்களா நானா என்று கேட்டேன். என் வாய் அப்படித்தான், நேரம் காலம் பார்க்காது. வெட்டித்தானே ஆகவேண்டும், வீடு கட்டவேண்டாமா என்றார். பிறகு எழுந்து வந்து வேம்பைச் சுற்றிக் கட்டியிருந்த கிடுகை ஆட்டிப் பார்த்தார். ஆட்டினதும் அது சரிந்துவிட்டது. இப்படிக் கட்டினால் கழுதை ஒரு வாயில் தின்றுவிடும் என்று என்னை ஏசினார். ஏசிக்கொண்டே கம்பை இறுக்கி நட்டு, கிடுகைப் புதிதாக வரிந்து கட்டினார். நஸீமா தாத்தா கயிற்றை எடுத்து எடுத்துக் கொடுத்தா. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சந்தோசத்தில் அழுகை வந்தது. தெருவில் அழுதுகொண்டு போவது எனக்குப் புதிதில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் மையவாடிக்குப் போய்த் துஆக் கேட்டுவிட்டு வருவது வழக்கம். அன்று காசிம் நானா அங்கிருந்து வந்து, புதுச் சாரத்தோடேயே ஒரு வாளி தண்ணி அள்ளி வேம்புக்கு ஊற்றினாராம். வட்டிலப்பம் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்த நஸீமா தாத்தா இதைச் சொல்லிவிட்டு, "அவருக்கும் மவன்ட இடம் தெரியாதுதானே புள்ள" என்றா.

மழை இருக்கும் வரை மரம் நடுவது விளையாட்டு. கோடையில் சோளகக் காற்று வீசத் தொடங்கினால்தான் தெரியும் யார் நட்டது நிற்கும் என்று. அந்த வருசம் சோளகத்துக்கு முதலே குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குப் போகத் தொடங்கின. பூட்டின வீட்டுக்கு முன்னால் நிற்கிற கன்றுக்கு யார் தண்ணி ஊற்றுவது? கிணற்றுத் தண்ணியும் கோடையில் உப்பாகிச் சவர்த்துவிடும், ஊற்றினால் இலை ஓரம் கருகும். அதற்கு வழி செய்ததும் காசிம் நானாதான். பள்ளிவாசலில் வுழூச் செய்கிற தண்ணி, அதுதான் தொழுகைக்கு முதல் கைகால் முகம் கழுவுகிற தண்ணி, ஒரு நாளைக்கு ஐந்து நேரம் வீணாக மண்ணுக்குள் போகிறது. அது குழாய்த் தண்ணி, சவர் இல்லை. அவரும் இன்னும் கொஞ்சப் பேரும் சேர்ந்து அதை ஒரு வாய்க்கால் வெட்டித் தெருவோரம் திருப்பிவிட்டார்கள். வாய்க்கால் போய்ச் சேராத கன்றுகளுக்கு நஸீமா தாத்தா வாளியால் ஊற்றினா.

ஏனென்றால் அவ அந்த வருசம் போகவில்லை. "ஒரு சோளகம் தாங்கட்டும், பிறகு வா" என்று சொல்லிவிட்டுக் காசிம் நானா இர்பானுக்குப் பிறகு பிறந்த மகனோடு முன்னால் போனார். மாங்கன்று பிடுங்கின மனிதர்தான். சோளகம் முழுக்க அவ விடியவும் பின்னேரமும் வாளியோடு நடந்தா. பூட்டின வீடுகளின் மரங்களுக்கும் சேர்த்துத்தான். சிலது பட்டுப்போயின, மறு மாரிக்கு அந்த இடத்தில் வேறு வைத்தோம். அவவின் வேம்பு தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. மழை தொடங்கின பிறகு ஒருநாள் அவவும் லொறியில் ஏறிப் போனா. போகும்போது அழுவா என்று கைலேஞ்சியோடு போயிருந்தேன். கிடுகை எப்போது கழற்றவேண்டும், எந்தக் கிளையை ஒடிக்கவேண்டும் என்று கட்டளை போட்டுக்கொண்டே போய்விட்டா. கைலேஞ்சி எனக்குத்தான் உதவியது.

இதெல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு கலியாண வீட்டை மறந்து முகாம் வரை நடந்துவிட்டேன். முகாம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அதற்கு ஒரு நகர் பெயர் வந்துவிட்டது. கிடுகு இல்லை, வாய்க்கால் இல்லை, பள்ளிவாசல் மாடி கட்டியிருக்கிறது. ஊருக்குப் போனவர்கள் போக, இருக்கிறவர்களின் வளவுகளில் மா நிற்கிறது, பலா நிற்கிறது. ஒரு வீட்டில் தாகத்துக்குத் தண்ணி கேட்டேன். தண்ணி தந்த பெண்ணிடம் நீங்கள் போகவில்லையா என்று கேட்டதற்கு, எங்கே போவது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். போற ஆக்கள் என்ற அந்தச் சொல்லை அன்று முழுக்க ஒரு வாயிலும் கேட்கவில்லை.

நஸீமா தாத்தாவின் வாசலில் வேம்பு இல்லை. தரையோடு அறுத்த அடிக்கட்டை மட்டும் இருந்தது. அந்த வீட்டில் இப்போது போனுக்கு ரீலோட் போடுகிற கடை வைத்திருக்கும் பெடியன், அது போன சோளகத்தில் சரிந்துவிட்டது என்றான். யார் நட்டது என்று தெரியுமா என்று கேட்டேன். "தெரியல்ல மிஸ், முந்தி இருந்த ஆக்கள் ஆரோ" என்றான். இவ்வளவு நீளத் தெருவில் எல்லா மரமும் நிற்க, அது ஒன்று மட்டும் போயிருந்தது. எனக்கு யாரோடு கோபிப்பது என்று தெரியவில்லை.

நஸீமா தாத்தா மன்னாரில் இருக்கிறா. காசிம் நானா மவுத்தாகி, அங்கேதான் அடக்கம். பெருநாளுக்குப் பெருநாள் போனில் கதைப்போம். ஒவ்வொரு முறையும் மரம் நிற்கிறதா என்று கேட்பா, நானும் போய்ப் பார்த்தவள் மாதிரி நிற்கிறது என்பேன். இந்த முறை பொய் சொல்ல மனம் வரவில்லை. அங்கேயே நின்று அழைத்தேன். நலம் விசாரித்தேன், பேரப்பிள்ளைகளை விசாரித்தேன், பிறகு மரம் சரிந்ததைச் சொன்னேன்.  

"பக்கத்து மரங்கள் நிக்குதா புள்ள?" என்று கேட்டா.

"நிக்குது தாத்தா. ரெண்டு பக்கமும் பெரிசா நிக்குது."

"அதுகள்ட நிழல் அந்த இடத்தில விழுதா?"

அண்ணாந்தும் குனிந்தும் பார்த்தேன். இரண்டு பக்கத்துக் கிளையும் மேலே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. அடிக்கட்டையில் ஒரு பொட்டு வெயில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பிள்ளைகள் அதில் புத்தகப் பையை வைத்துவிட்டு ஐஸ்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"விழுது தாத்தா," என்றேன்.

"அப்ப சரி," என்றா நஸீமா தாத்தா.